மார்த்தினிக் படகும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

மொன்றியலிலிருந்து கரீபியன் தீவான குவாதலூப்புக்குப் பறந்து, அங்கிருந்து படகில் மார்த்தினிக்குக்குப் போவது எப்படி என்று எழுதத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன். படகில் ஏறியது உண்மை. மார்த்தினிக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. எப்படி இப்படி ஆனது என்று எனக்கே முழுதாக விளங்கவில்லை. எழுதினால் விளங்குமோ என்று பார்க்கிறேன். போக நினைக்கிறவர்களுக்கு வேண்டிய விலையும் நேரமும் இடையிடையே வரும், கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

2006 பெப்ரவரி. என்னோடு வந்தவர் என் அக்காவின் கணவர். அத்தான் மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவர். மார்கழியில் அதை மூடி இயந்திரங்களை மெக்சிக்கோவுக்கு ஏற்றினார்கள். அவற்றைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலையையும் இவர்களைக் கொண்டே செய்வித்தார்கள். கடைசி நாள் கேக் வெட்டினார்களாம். அந்தக் கேக்கை யார் வாங்கியது, எந்த மனதோடு வாங்கியது என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுச் சோபாவில் அத்தான் பேசாமல் கிடந்தார். ஒருவழியாகத் துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் நாள். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: முதல் நாள் வராவிட்டால் இரண்டாவது நாள் கிடையாது. அதற்கு முந்திய ஒரு வாரம் வெறுமையாக இருந்தது. அக்காவுக்கு அவள் பிள்ளைகள் பார்க்கிற கார்தெரியில் லீவு இல்லை. "இந்த மனிசனை எங்கையாவது வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. வெயில் பட்டாலாவது வாய் திறக்குதோ பாப்பம்" என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். அத்தானிடம் பாஸ்போர்ட் இல்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்குக் கனடா கொடுக்கிற பயணப் புத்தகம்தான் இருக்கிறது. எனக்கு நான்கு வருடம் முன்னதாகக் கனடாவுக்கு வந்தவர் அவர். என் குடியுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. அவருடையது 'பரிசீலனையில்'. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தொலைபேசியில் நாற்பது நிமிடம் இசை கேட்டபிறகு வருகிற பெண்ணுக்கும் தெரியாது. குவாதலூப் பிரான்சுக்குச் சொந்தமான தீவு என்பதால் அவருக்கு விசா தேவைப்பட்டது. ஒரே ஒரு தடவை நுழையலாம் என்று கொடுத்தார்கள். எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மொன்றியலிலிருந்து பொயின்த்-அ-பித்ர் நகரத்துக்கு நேரடி விமானம், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடைசி நேர விலையாக ஆளுக்கு வரியோடு 540 டொலர் கொடுத்தோம். சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய விடுதியில் இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 38 யூரோ. மின்விசிறி உண்டு, சுடுதண்ணீர் இல்லை, தேவையும் இல்லை.

குவாதலூப்பில் முதல் நான்கு நாளும் எனக்குத் தலை சுற்றியது. தென்னை நிற்கிறது, கரும்பு நிற்கிறது, ஆனால் பேருந்து நிறுத்தத்தில் பிரெஞ்சுக் கொடி. மீன் சந்தையில் யூரோ. நாங்கள் வாய் திறக்கும்வரை எங்களை அந்த ஊர்க்காரர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தத் தீவில் எங்களைப் போன்ற முகங்கள் நிறைய உண்டு. கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். வாய் திறந்ததும் என் கெபெக் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்தார்கள். கடற்கரையில் குடைக்குக் கீழே படுத்திருப்பவர்கள் வெள்ளை, குடையை நட்டுப் பிடுங்குகிறவர்கள் கறுப்பு. இதில் நான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மணலில் நின்றுகொண்டே இருந்தேன். அத்தான் மட்டும் சந்தோஷமாக இருந்தார். ஆனால் அவருக்குத் தீவும் வேண்டாம், குளிப்பும் வேண்டாம். "ஒருக்கா லோஞ்சில போனாக் காணும், தம்பி" என்றார்.

அத்தான் மூதூர்க்காரர். மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் குடாவைக் குறுக்கே கடந்து லோஞ்சில், அதாவது திறந்த மோட்டார்ப் படகில், பள்ளிக்கூடம் போனவர். ஆகவே வெள்ளிக்கிழமை மார்த்தினிக்குக்குப் படகில் போவது, சனிக்கிழமை நேர்ப் படகில் திரும்புவது, ஞாயிறு மாலை விமானம் என்று திட்டம் போட்டேன். போகவரப் படகுக்கு ஆளுக்கு 88 யூரோ. வெள்ளிக்கிழமைப் படகு வழியில் டொமினிக்காவில் நின்று போகும். டொமினிக்கா தனி நாடு. (டொமினிக்கன் குடியரசு வேறு. நானும் குழம்பினேன்.)

காலை ஏழு மணிக்குத் துறையில் நிற்கச் சொன்னார்கள், படகு வெளிக்கிட எட்டேகால். எல்லைப் பொலிஸ்காரர் அத்தானின் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுச் சொன்னார்: "மார்த்தினிக்கும் பிரான்ஸ்தான். நடுவில் டொமினிக்காவில் இறங்காதவரை நீங்கள் பிரான்சைவிட்டுப் போகவில்லை. இறங்கினால் இந்த விசா முடிந்தது. திரும்பி இங்கே வரமுடியாது." அதை அத்தானுக்கு இரண்டு தரம் தமிழில் சொன்னேன்.

"விளங்குது தம்பி. நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?"

உள்ளே ஏறியதும் அத்தானின் முகம் தொங்கிவிட்டது. மூடிய கண்ணாடி, குளிர், வரிசையாக இருக்கை, மேலே தொலைக்காட்சி. "இது லோஞ்ச் இல்லை. ஏசி பஸ்" என்றார். பஸ் என்றாலும் ஆட்டம் ஆட்டம்தான். இரண்டு தீவுகளுக்கும் இடையில் திறந்த கடல். நான் கடதாசிப் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தேன். அத்தான் என் முதுகைத் தட்டியபடி, மூதூர் லோஞ்சில் ஆடுகளே இப்படிச் சத்தி எடுக்காது என்றார்.

அவருக்கு வேறு பிரச்சினை. அன்று வெள்ளிக்கிழமை, அவர் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார். படகின் சிற்றுண்டிச் சாலையில் இருந்தது பன்றி இறைச்சி சாண்ட்விச், கோழி சாண்ட்விச், கோழி வாசம் போட்ட சிப்ஸ். விடியற்காலையில் குடித்த வெறுந்தேநீரோடு அவர் வயிறு கத்திக்கொண்டிருந்தது.

பத்தரை மணிபோல டொமினிக்காவின் தலைநகரான ரோசோவில் படகு கட்டியது. அங்கே இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். இருபது நிமிடம் நிற்கும் என்று அறிவித்தார்கள். படகு ஆடாமல் நின்ற சுகத்தில் நான் கண்ணை மூடினேன். திறந்தபோது பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே அத்தானைக் கண்டேன். இறங்குதுறையின் மறுமுனையில் ஒரு கம்பிவேலி. வேலிக்கு அப்பால் தெரு. தெருவோரம் பழக்கூடையோடு ஒரு பெண். அத்தான் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவருக்கு முன்னால் சீருடையில் ஒரு பெண் அதிகாரி, அவர் கையில் அத்தானின் பயணப் புத்தகம். நான் எழும்புவதற்குள் அந்த அம்மா புத்தகத்தோடு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

கதவடிக்கு ஓடினேன். ஏணியை எடுக்கத் தயாராக ஒரு மாலுமி நின்றான். என்னுடன் வந்தவர் வெளியே நிற்கிறார், ஐந்து நிமிடம் பொறு என்றேன். "நாங்கள் பொறுப்பதில்லை. இறங்கினால் இறங்கினதுதான்" என்றான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வீரம் ஒன்றும் இல்லை, அக்காவிடம் தனியாகப் போய் நிற்க எனக்குத் துணிவில்லை. ஏணி எழும்பியது. படகு ஊதிவிட்டுப் போயிற்று.

"நீயேன் இறங்கினனீ?" என்று அத்தான் என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார்!

"நீங்கள் ஏன் அத்தான் இறங்கினீங்கள்? இரண்டு தரம் சொன்னனான் எல்லோ?"

"நான் எங்க இறங்கினன்? ஜெற்றியிலதானே நிக்கிறன். மூதூரில ஜெற்றியில நிண்டவனை ஊருக்கு வந்தவன் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். அது கடல்ரை பக்கம். பழத்தையும் வேலிக்குள்ளாலதான் வாங்கினனான். கை மட்டும்தான் போனது."

அந்த அதிகாரி திரும்பி வந்தார். ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனுஷி. மேலதிகாரியோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்திருந்தார். "விசா இல்லை. வந்த படகிலேயே திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே கடலைப் பார்த்தார். வந்த படகு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. மூவரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கனடாப் புத்தகம். ஆனால் கனடாக்காரர் இல்லை. ஏன் மிஸ்டர், உங்களிடம் பாஸ்போர்ட் இல்லையா?"

நான் மொழிபெயர்த்தேன். அத்தான் தமிழிலேயே பதில் சொன்னார்: "பாஸ்போட் இருந்தால் நானேன் வாழைப்பழத்துக்கு வேலிக்குள்ளால கை நீட்டுறன் எண்டு கேள்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நிலைமை இதுதான். அன்று மாலை வடக்கே குவாதலூப்புக்குப் போகிற படகு ஒன்று ரோசோவில் நிற்கும். சனிக்கிழமைப் படகு இங்கே நிற்காது. அடுத்தது திங்கள். திங்கள் காலை ஆறு மணிக்கு அத்தான் மொன்றியல் துறைமுகத்தில் நிற்கவேண்டும். அன்று மாலைப் படகில் ஏறினாலும் சரிவராது, அந்த அதிகாரி புத்தகத்தில் ஏதாவது ஒரு முத்திரை குத்திவிட்டால். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று குத்தினால்கூட, அவர் டொமினிக்காவுக்கு வந்தார் என்பதற்கு அது சாட்சி. குவாதலூப்பில் கதவு மூடிவிடும்.

இவ்வளவையும் என்னால் முடிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மூதூர் இறங்குதுறைக் கதையையும் சொன்னேன், வேறு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் ஒரு பழத்தைப் பிய்த்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஆனால் சிரித்தார்.

"சரி. இறங்குதுறை எங்கள் நாடு இல்லை என்று இவர் சொல்கிறார். அப்படியென்றால் இவர் வரவில்லை. வராத ஆள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது." வேலிக்கு ஓரடி முன்னால் சீமெந்தில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. புத்தகத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

படகு எத்தனை மணிக்கு? பலகையில் மூன்று என்றிருந்தது. பழக்காரி ஐந்து என்றாள். அதிகாரி "வரும்போது வரும்" என்றார்.

எனக்குத் தடை எதுவும் இல்லை. என் பாஸ்போர்ட்டைத் திறந்துகூடச் சரியாகப் பார்க்காமல் முத்திரை குத்தினார்கள். நான் மஞ்சள் கோட்டைத் தாண்டி, வாசலால் வெளியேறி, ரோசோவுக்குள் நடந்தேன். நடக்கவே கூசியது. அவித்த ஈரப்பலாக்காயும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்று கம்பிக்கு உள்ளே நீட்டினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மனிதர் அவர். மிருகக்காட்சிச் சாலையில் நிற்பதுபோல நான் தெருவில் நின்றேன்.

அன்று துறைமுகத்தில் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றும் கட்டியிருந்தது. அதிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக, கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் அட்டையோடு, அரைக் காற்சட்டையோடு ஊருக்குள் போனார்கள். ஒருவரையும் ஒருவரும் நிறுத்தவில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டெல்லாம் கப்பலில் பத்திரமாக இருக்கும். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. அந்த அதிகாரி நல்லவர். அவரில் போடமுடியாது. கப்பல்காரர்கள் வெறும் வெயிலுக்கு வந்தவர்கள், நானும் அதற்குத்தான் வந்தேன். மிஞ்சியது அத்தான்தான். அவரோ பழக்காரி வேலிக்கு மேலால் எறிந்து கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவளோடு பேசிக்கொண்டிருந்தார். இவர் தொழிற்சாலைப் பிரெஞ்சு, அவள் ஆங்கிலம். இருவரும் சிரிக்கிறார்கள். இரண்டு மாதம் வாய் திறக்காத மனிதர்.

அப்போதுதான் கப்பலிலிருந்து வந்த ஒரு பெண்மணி வேலியருகே நின்றார். பெட்டியில் உட்கார்ந்திருக்கிற கறுத்த மனிதர், மடியில் வாழைப்பழச் சீப்பு, பின்னால் நீலக் கடல். கமராவைக் காட்டி அனுமதி கேட்டார். அத்தான் தலைமயிரைக் கோதிவிட்டு நிமிர்ந்தார். படம் எடுத்த கையோடு அந்தப் பெண்மணி ஒரு அமெரிக்க டொலர் தாளை வேலிக்குள் நீட்டினார். நான் "வேண்டாம்" என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் அத்தான் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"வெட்கமாயில்லையோ அத்தான்?"

"அவ தந்தவ. நான் கேட்டனானோ? நீ போய் ஊரைப் பாரன், பாஸ்போட்காரா."

படகு ஐந்தேகாலுக்கு வந்தது. எனக்கு வெளியேறும் வரி உண்டா இல்லையா என்பதில் இரண்டு கவுண்டரில் இரண்டு பதில். கட்டிவிட்டு வந்தேன். அத்தான் கட்டவில்லை, அவர் வரவே இல்லையே. அதிகாரி மாலுமிகளிடம் ஏதோ பேசி, காலையில் படகைத் தவறவிட்ட பயணி என்று ஏற்றிவிட்டார். புத்தகத்தை அத்தானின் கையில் கொடுத்தார். நான் பிடுங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒரு மைத்துளி இல்லை. அந்த அதிகாரியின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

பொயின்த்-அ-பித்ரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. காலையில் நின்றவர் இல்லை, வேறொரு எல்லைப் பொலிஸ்காரர். எங்கள் நிறம், எங்கள் மூக்கு. நெஞ்சில் இருந்த பெயர்ப்பட்டியில் நாகப்பன் என்று எங்களால் வாசிக்கக்கூடிய ஒரு பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது.

"தம்பி, எங்கட ஆள்" என்றார் அத்தான் மெதுவாக.

"அது அவருக்குத் தெரியாது. சும்மா இருங்கோ."

என் பாஸ்போர்ட் ஒரு நொடியில் திரும்பி வந்தது. அத்தானின் புத்தகத்தை அவர் விளக்குக்குக் கீழே பிடித்தார். மார்த்தினிக்குக்கு டிக்கெட் எடுத்தவர் ஏன் டொமினிக்காவிலிருந்து வருகிறார்? இறங்கினாரா? நான் படகு, வேலி, மஞ்சள் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். என் உச்சரிப்புக்கு அவர் சிரிக்கவில்லை. முத்திரையைத் தேடினார். கிடைக்கவில்லை. பையைத் திறக்கச் சொன்னார்.

பைக்குள் மூன்று வாழைப்பழம் மிஞ்சியிருந்தது.

"இது எங்கே வாங்கியது?" என்று அவர் கேட்டார். குவாதலூப்பில் என்று பொய் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தான் தன் பிரெஞ்சில், கையால் வேலியைப் போலக் காட்டி, "டொமினிக்கா, மிசியு. பழம் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்" என்றார்.

பொலிஸ்காரர் பழத்தைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பிறகு மிகவும் சலிப்பான குரலில், வெளிநாட்டுப் பழம் தீவுக்குள் வரக்கூடாது, அங்கே குப்பைத் தொட்டி இருக்கிறது என்றார்.

"நல்ல சாப்பாட்டை எறியேலாது எண்டு சொல்லு" என்றார் அத்தான். சொன்னேன். பொலிஸ்காரர் தோளைக் குலுக்கினார். அத்தான் அந்த மேசைக்கு முன்னாலேயே நின்று மூன்று பழத்தையும் ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்டார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைசித் தோலைத் தொட்டியில் போட்டதும் பொலிஸ்காரர் புத்தகத்தை நீட்டி, "போகலாம்" என்றார்.

ஏன் விட்டார்? முகமா, பெயரா, வேலை முடிகிற நேரமா, உண்மையாகவே சட்டம் அப்படியா? வெளியே வந்து நிற்கும்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவர் நல்லவர் என்று எழுதினால் அது எனக்கே பொய்யாகத் தெரிகிறது. வேறொருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் அதே சட்டத்தில் அத்தானின் வேலை போயிருக்கும். அத்தான் டொமினிக்காவுக்குப் போனார் என்பதற்கு ஆதாரம் இல்லாததுதான் அவரைக் காப்பாற்றியது என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்கும் விளங்கவில்லை.

போகிறவர்களுக்கு: என் போன்ற பாஸ்போர்ட் இருந்தால் யோசிக்கவேண்டாம், போங்கள், படகின் பின்பக்கக் கீழ்த்தட்டில் இருங்கள், அங்கே ஆட்டம் குறைவு. பயணப் புத்தகக்காரர்கள் பல தடவை நுழைகிற விசாவாகக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் நடுவில் நிற்காத நேர்ப் படகை மட்டும் எடுங்கள். மரக்கறிக்காரர்கள் பழத்தை ஏறும் துறையிலேயே வாங்கி, இறங்குமுன் சாப்பிட்டு முடியுங்கள். டொமினிக்காவில் யூரோச் சில்லறை எடுக்கிறார்கள், மீதி அவர்கள் காசில் தருவார்கள்.

ஞாயிறு நள்ளிரவு வீட்டுக்கு வந்தோம். திங்கள் காலை ஐந்து மணிக்கு அத்தான் பனிச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "டொமினிக்கா எப்பிடி, வடிவோ?"

"நான் போகேல்லையே. உன்ர தம்பியைக் கேள், அவன்தான் போனவன்."

அக்கா கதிரையில் கிடந்த அவருடைய பயணச் சட்டையின் பையிலிருந்து அந்த டொலர் தாளை இழுத்தாள். "அப்ப இது எங்கால?"

அத்தான் அதைத் திருப்பி வாங்கி, மடித்து, வேலைச் சட்டைக்கு மாற்றினார்.

"அங்க உழைச்சது" என்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.